பாபி இன்னும் எழவில்லை

"இன்னைக்காவது எந்திரிச்சானாம்மா?"

"எங்க தம்பி! போட்ட எடத்துலயே கெடக்கான்" என்றார் அம்மா ஆர்லெத்.

நெரவி ரோட்டில் பஸ் ஏறி நசுங்கியதால், நாய் பாபியின் பின்னங்கால் ஒன்றை டாக்டர் எடுத்து ஒரு மாதமாகிறது. அது நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பாரீஸ் வேலைக்குக் கிளம்புவேன் என்று மகன் தமியேன் இரண்டு முறை டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டான்.

"புண்ணு ஆறிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரேம்மா?"

"அவருக்கென்ன தெரியும்? நீயும் போயிட்டா இவனுக்கு யாரு இருக்கா?"

டிக்கெட்டை மறுபடி மாற்றப் புறப்பட்ட தமியேன், வழியில் பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பினான். வீட்டு கேட் அருகே அப்படியே நின்றுவிட்டான். தோட்டத்தில் பாபி மூன்று காலில் கோழியை விரட்டிக்கொண்டிருந்தது. அம்மா கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவன் ஓசைப்படாமல் வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளிப்போய், அங்கிருந்து இரண்டு முறை ஹாரன் அடித்தான்.

"வந்துட்டான்! படுடா, படு!" அம்மாவின் குரல் தெருவரை கேட்டது.

அவன் உள்ளே நுழைந்தபோது, பாபி சாக்கின் மேல் முனகிக்கொண்டு கிடந்தது.

"டிக்கெட்ட மாத்திட்டியா தம்பி?"

தமியேன் குனிந்து பாபியின் காதைச் செல்லமாகத் திருகினான்.

"நாளைக்கு மாத்திடுறேம்மா. பாவம், இன்னும் ஒரு மாசம் படுத்திருக்கட்டும்."