நடு நாற்காலி

முதலில் காதை விட்டுப் போனது வயலினா, புல்லாங்குழலா என்று ஒலிப்பதிவாளருக்கே இப்போது சரியாக நினைவில்லை. பேச்சை உதடு பார்த்துச் சமாளித்தார். பாட்டுக்கு ஏது உதடு?

தாம் பதிவு செய்த ஆல்பங்களைப் பார்த்துப் பார்த்து வாங்கிய ஸ்பீக்கர்களில் போட்டு, மனைவியோடு மாலையில் கேட்பதுதான் ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய சுகம். விஷயம் தெரிந்தால் அவருக்காகப் பாவப்பட்டு அவளும் கேட்பதை விட்டுவிடுவாள். அதனால் ஒலி சரியாக வந்து சேரும் நடு நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் விரல் தட்டும் தாளத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"வயலின் எப்படி இழையுது பாத்தியா?"

அவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கொஞ்ச காலமாக அப்படித்தான். வயதான பிறகு வந்த பாசம் என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க கைபட்டதாச்சே, சும்மாவா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது மகள் உள்ளே வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அலமாரிக்குப் பின்னால் குனிந்து, கழன்று கிடந்த ஒயரைத் தூக்கிக் காட்டினாள்.

"சத்தமே வரலையேப்பா. ரெண்டு பேரும் எதைக் கேட்டுட்டு இருக்கீங்க?"

அவள் உதடு சொன்னது புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

மூடிய கண் திறக்காமல் அவள் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

இருவர் காதுக்குமே வைத்தியம் பார்க்கக் காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். ஸ்பீக்கர்கள் மகள் வீட்டுக்குப் போயின. மாலையில் இருவரும் அதே நாற்காலிகளில் எதிரெதிரே உட்காருகிறார்கள். தாளம் போடுவதில்லை.