மிஷின் மேல் போட்ட பழி

பெரியவர் கைப்பேசியை எடுத்து மேசை மேல் வைத்தார். உடனே திரும்ப எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார் விசாரணை அதிகாரி. "உங்க பையன் யாரையாவது நெனச்சுப் பயந்தாரா?"

"இல்லீங்க."

"மெரட்டல் ஏதாச்சும்?"

"இல்லீங்க."

பக்கத்தில் வாக்குமூலம் எழுதுகிறவர் இரண்டு 'இல்லை'யையும் எழுதினார்.

விமானம் மலையில் மோதிப் பதினைந்து நாள் ஆகிறது. கட்சித் தலைவரின் சொந்த விமானம். நாலு பேர் உட்காரலாம். அன்று போனது மூன்று பேர். தலைவர், அவருடைய உதவியாளர், ஓட்டிய சிவநேசன்.

சிவநேசன் இவருடைய மகன். தலைவர் செலவில் படித்து விமானி லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்.

செய்தி வந்த சாயங்காலம் குவாரி வாசலிலேயே மைக்கை நீட்டினார்கள். முகத்தில் கல்தூசி. துடைக்கக்கூட விடவில்லை.

"மிஷின்லதான் ஏதோ கோளாறு. எம் மவன் மேல தப்பிருக்காது."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது.

குவாரியில் அப்படித்தான். ஆள் செத்தால் மிஷின் மேல் போடுவார்கள். புதிதாக வந்தவன் டிப்பரைப் பின்னால் எடுத்துப் பள்ளத்தில் விட்டிருப்பான். பிரேக் பிடிக்கவில்லை என்பார்கள். செத்தவனைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. டிப்பருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது.

முப்பது வருடத்தில் நாலு பேருக்கு அவர் அப்படிச் சாட்சி சொல்லியிருக்கிறார். நாலு வீட்டிலும் இன்றைக்கும் மரியாதை உண்டு.

ஆனால் இந்த மிஷினுக்கு ஒரு ஆள் இருந்தான்.

பாக்கியநாதன். மெக்கானிக்.

கோளாறு என்றுதான் பெரியவர் சொன்னார். டி.வி.யில் அது 'கோளாறா, சதியா' ஆனது. மறுநாள் சதி மட்டும் மிஞ்சியது. அதற்கடுத்த நாள் சுவரெல்லாம் போஸ்டர். நட்டைக் கழற்றிய கை எது என்று கேட்டது. ஐந்தாம் நாள் பாக்கியநாதனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இப்போது வெளியே வராந்தா பெஞ்சில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். இவர் உள்ளே வரும்போது வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டான். பத்து நாள் உள்ளே கிடந்தும் நக இடுக்கில் கிரீஸ் போகவில்லை. அந்த மாதிரிக் கையை அவருக்குத் தெரியும்.

அவன் பெண்டாட்டி தூணோரம் நின்றாள்.

"நல்லா இருங்கண்ணே," என்றாள்.

கட்சியின் மாவட்டச் செயலாளர் படியிலேயே தோளில் கை போட்டார். "பெரியவரே, ரொம்ப வளத்தாதீங்க. மிஷின்ல எவனோ கை வெச்சுட்டான். அன்னிக்குச் சொன்னதையே சொல்லிட்டு வாங்க. மணிமண்டபத்துல தம்பி பேர்லயும் ஒரு கல்லு வெக்கிறோம்."

முப்பது வருடமாகக் கல் உடைக்கிறவரிடம் சொன்னார்.

அதிகாரி கோப்பை மூடப் போனார். "வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

பெரியவர் கைப்பேசியை மறுபடி எடுத்தார்.

விபத்து நடந்த அன்று காலை ஆறு நாற்பதுக்கு மகனிடமிருந்து வந்த குரல்பதிவு. அந்நேரம் அவர் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. மூன்று மணிக்குத்தான் கேட்டார். மகன் செத்தது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

கேட்டபிறகுதான் மைக்கில் பேசினார்.

அமுக்கினார்.

"அப்பா, வேலையில இருப்ப. மேகம் ரொம்பக் கீழ எறங்கிருச்சுப்பா. மேகத்துக்குள்ள நான் ஓட்டுனதே இல்ல. தலைவருக்கு மீட்டிங்குக்கு நேரமாச்சாம். மெக்கானிக் அண்ணன் வேணான்டாங்கறாரு. பாப்போம். எனக்கே பிடிபடல. நீ சாப்ட்டுட்டு வேலையப் பாரு."

எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.

'மேகம் இருந்தது, வேண்டாம் என்றேன்.' பாக்கியநாதன் பத்து நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அடித்தும் கேட்டார்கள். இதையே சொன்னான். ஒருவரும் நம்பவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இதக் குடுத்தீங்கன்னா எல்லாம் உங்க பையன் தலையிலதான் விடியும். தெரியுமில்ல?"

"மிஷின் நல்லாத்தான் இருந்திருக்கு. எழுதிக்குங்க."

"விமானியின் அனுபவக் குறைவுன்னு போடலாமா?" என்று கேட்டார் எழுதுகிறவர்.

"போடுங்க."

கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கோணியது. அடித்துவிட்டு இன்னொரு தடவை போட்டார்.

வராந்தாவில் பாக்கியநாதன் எழுந்து நின்றான். குரல் அங்கே வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். இவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி கடந்தார்.

வாசலில் பத்துப் பன்னிரண்டு மைக். மாவட்டச் செயலாளர் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். கை மறுபடி தோளுக்கு வந்தது.

"மிஷின்ல ஒண்ணுமில்ல," என்றார். "எவனும் அதுல கை வெக்கல. நான் அன்னிக்குச் சொன்னது பொய். எம் மவனுக்குப் பழக்கம் பத்தல."

தோளிலிருந்து கை இறங்கியது.

ஒரு நிருபர் முண்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, உங்கள இப்பிடிச் சொல்லச் சொன்னது யாருங்கய்யா?"

"எம் மவன்."