முந்தானை முடிச்சில் மல்லாட்டை

முகையூரில் மல்லாட்டை உடைக்கும் பெண்களைப் பற்றிய அந்த ஆவணப்படத்தில்தான் இசைவாணியின் அம்மா சவுரியம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கென்று நாலு வேர்க்கடலைப் பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். படம் வந்த வருடமே, ஒரு நரைகூட விழாத தலையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதையே பல வருடம் கழித்து இப்போது கதைப்படமாக எடுத்திருந்தார்கள். கெடுத்திருப்பார்களோ என்று பயந்துகொண்டேதான் இசைவாணி திண்டிவனம் தியேட்டருக்குள் நுழைந்தாள். கெடுக்கவில்லை. அம்மாவாக நடித்தவளை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"உங்கம்மாவவிட ஜல்தியா உடைக்குது பாரு," என்று சீண்டினான் கணவன் தென்னரசு.

"சும்மா இருங்க. அதுக்குப் பின்னால குந்திக்கினு இருக்கிறது யாருங்க?"

"யாரோ ஊர்க்காரக் கெழவி."

கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, திரையிலிருந்து நேராக இசைவாணியைப் பார்த்துப் பருப்பை நீட்டினாள். அம்மாவின் அதே சிரிப்பு. தலை மட்டும் முழுக்க நரைத்திருந்தது.