பதிமூணு நாப்பது

புஜைரா எண்ணெய்க் கிடங்கின் கண்ட்ரோல் ரூமில் ஸ்கிரீன் சட்டென்று இருண்டது. கப்பலிலிருந்து நாலாம் நம்பர் டேங்குக்கு எண்ணெய் வருவது மட்டும் நிற்கவில்லை.

டேங்கில் எண்ணெய் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுவது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். பதிமூன்று மீட்டர் எண்பதில் வால்வைத் திருப்பி எண்ணெயை அடுத்த டேங்குக்கு மாற்ற வேண்டும். விட்டால் பொங்கி வழிந்துவிடும்.

மாதாந்திர மெயின்டெனன்ஸுக்கு ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த உமாபதி பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தான். இரண்டு வருஷமாகப் புஜைரா டூட்டியை யார் தலையிலாவது கட்டிவிடுகிறவன். இன்று வேறு ஆள் கிடைக்கவில்லை.

மூடியைக் கழற்றினான். உள்ளே விரல் கனத்துக்குப் புழுதி. மின்விசிறி இறுகிப்போய், பவர் சப்ளை கருகி நாறியது.

"எவ்வளவு நேரமாகும்?" சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மான் நின்ற இடத்தில் நிற்காமல் கேட்டார்.

"அரை மணி நேரம் பாய். பக்கத்து ரூம்ல லெட்டர் அடிக்கிற கம்ப்யூட்டர்லேர்ந்து பவர் சப்ளையைக் கழட்டி இதுல மாட்டிர்றேன்."

"அதுவரைக்கும் டேப் விட்டுத்தான் அளக்கணும்." அவர் வாக்கி டாக்கியை எடுத்தார். "கார்மேகம், நாலாம் நம்பர் மேல ஏறு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவு சொல்லு. யல்லா, சீக்கிரம்."

உமாபதியின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் நழுவி மேஜைக்கடியில் உருண்டது.

ஆகஸ்ட் மாதத்து நடுப்பகல். டேங்கின் இரும்புப் படிகள் எழுபதுக்கு மேல். உச்சியில் ஒதுங்க நிழல் கிடையாது. அளவுத் துளையைத் திறந்தால் வருகிற ஆவி ஆளையே சாய்த்துவிடும்.

"பதிமூணு பத்து." மூச்சிரைக்கும் குரல்.

உமாபதி பக்கத்து அறைக்கு ஓடினான். நான்கு ஸ்குரூக்கள். மூன்று வந்தன, நான்காவது மரை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. தகட்டை வளைத்துப் பிடுங்கினான். விரல் கிழிந்தது. பவர் சப்ளையோடு கண்ட்ரோல் ரூமுக்கு ஓடி வந்தான்.

"பதிமூணு இருபது."

மதர்போர்டுக்குப் போகும் இரண்டு இணைப்புகளிலும் கறுப்பு வயர்கள் நடுவில் சேர வேண்டும். மாறினால் போர்டே போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு மாட்டக்கூடியவன், இன்று மாற்றி மாட்டினான். சுவிட்சில் கை வைத்த பிறகுதான் பார்த்தான்.

பிடுங்கித் திருப்பி மாட்டினான்.

அடுத்த அளவு வரவில்லை.

"கார்மேகம்." கலீலுர் ரஹ்மான் கூப்பிட்டார். "கார்மேகம், ஜவாப் தோ, பதில் சொல்லு."

இரைச்சல் மட்டும் வந்தது.

"யாரையாவது அனுப்புங்க பாய்."

"ஆள் மாஃபி, யாரும் இல்ல. மத்த ரெண்டு பேரும் கப்பல் துறையில நிக்கிறானுங்க. நான் நகர்ந்தா கப்பல்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

உமாபதி எழுந்து வாசல்வரை போனான். தூரத்தில் நாலாம் நம்பர் டேங்க் வெயிலில் வெள்ளையாக எரிந்தது. உச்சியில் ஓர் உருவமும் தெரியவில்லை. நடந்தால் பத்து நிமிஷம். ஓடினால் ஐந்து. மேலே போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் எங்கே நிற்குமோ?

திரும்பி வந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

வெளி ஆள் வாக்கி டாக்கியைத் தொடக்கூடாது. உமாபதி அதைக் கலீலுர் ரஹ்மான் கையிலிருந்து பிடுங்கிப் பட்டனை அழுத்தினான்.

"அண்ணே. சத்தம் குடுண்ணே."

இரைச்சல்.

"அண்ணே!"

வெகுநேரம் போலத் தோன்றியது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பதிமூணு நாப்பது." குரல் தளர்ந்திருந்தது. "தலை சுத்துச்சு, உக்காந்துட்டேன். காத்துப் பக்கமா வந்துட்டேன். நீ வேலையைப் பாரு."

உமாபதி வேலையைப் பார்த்தான். கறுப்பு வயர்களை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டான். மின்விசிறி சுற்றியது. ஸ்கிரீனில் எழுத்துகள் ஒவ்வொரு வரியாக, ஈவு இரக்கமில்லாத நிதானத்தோடு ஏறின.

நாலாம் நம்பர் டேங்க்: 13.48.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று கலீலுர் ரஹ்மான் நாற்காலியில் விழுந்தார். வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டார். "கார்மேகம், ஸ்கிரீன் வந்துருச்சு. கலாஸ், முடிஞ்சுது. மெதுவா இறங்கு."

"சரி பாய். அவன் போயிட்டானா?"

"யாரு, கம்ப்யூட்டர்காரரா? இங்கதான் இருக்காரு."

"ரூம்ல மீன் கொழம்பு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

கலீலுர் ரஹ்மான் உமாபதியை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ஊரா?"

"ஒரே வீடு பாய். கூடப் பொறந்தவரு."

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது உமாபதியின் பாஸ்போர்ட், விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலின் பெட்டியில் இருந்தது. கஃபீல் லண்டனில் இருந்தார். கார்மேகம் மட்டும் ஊருக்குப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தார். ஏன் வரமுடியவில்லை என்று சொல்லி உமாபதி அண்ணனுக்கு எழுதிய மூன்று கடிதங்களும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. நேரில் போய் நிற்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

கம்ப்யூட்டருக்கு மூடி போடவேண்டியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, அண்ணன் தங்கியிருக்கும் கேம்ப்புக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று உமாபதி கேட்டான்.