தொண்ணூற்றேழாம் நிலை

தலையை அசைக்காமல் புதிதாக ஒரு கவிதை யோசிக்கச் சொல்லித்தான் தணிகாசலத்தை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அனுப்பியிருந்தார்கள். மனிதர் தலையை ஆட்டி, மூன்றாவது தடவையாகப் படத்தைக் கெடுத்துவிட்டார். தன் வரிக்குத் தானே தலையாட்டுவது கவியரங்க மேடைகளில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே வேறு யாரும் ஆட்டியதில்லை.

"புது வரி வந்துடுச்சா சார்?" அவரை வெளியே இழுத்தபடி ஆய்வாளர் நஸ்ரின் கேட்டார்.

"பழசுதாம்மா. முப்பது வருஷத்துக்கு முன்ன எழுதினது. எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு."

பக்கவாதத்துக்குப் பிறகு நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, கொஞ்சம் தாமதமாக மனைவியின் பெயரும் திரும்பியது. கவிதை மட்டும் வரவில்லை. டாக்டர் சொன்ன மூளைப் பயிற்சி விளையாட்டை இரண்டு வருஷமாகச் செல்போனில் ஆடித் தொண்ணூற்றேழாம் நிலைக்கு ஏறியிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கவிதையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "வரும், வரும்" என்று முதுகைத் தட்டினார்கள்.

"நீயாவது மழுப்பாம சொல்லும்மா. நூறைத் தொட்டா ஒரு வரியாவது வருமா?"

நஸ்ரின் திரையை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வராது சார். அந்த விளையாட்ட ஆடினா, அந்த விளையாட்டுதான் நல்லா வரும்."