தும்ம வந்தவள்

நோயைப் போலவே தடுப்பு மருந்தும் தும்மலில் பரவும்படி செய்துவிட்டார்கள். அதை மூக்கில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் சென்று தும்முவது செவிலி அமிர்தகௌரியின் வேலை.

இசக்கியம்மாள் கைக்குழந்தையை நீட்டினாள். தும்மல் வருவதற்குள் செவிலியின் கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது. பதினோரு ஆண்டுக் கொள்ளைநோய் பழக்கிய கை. இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று.

"பாழாப்போன கை. இந்த வீட்டுக்கு இன்னும் ஒரு தும்மலுக்குத்தான் மருந்து இருக்கு," என்று அமிர்தகௌரி தன் கைமீதே எரிந்து விழுந்தாள்.

"பக்கத்து வீட்டுலயும் உங்க கைக்குத்தான் மருந்து போட்டீங்களாமே, சிஸ்டர்?"

இசக்கியம்மாள் குழந்தையை மடியில் கிடத்திவிட்டு, செவிலியின் இரு கைகளையும் இறுகப் பற்றினாள். நோய் வந்த நாள்முதல் யாருமே தொடாத கைகள்.

தும்மல் குழந்தையின் முகத்தில் சாரலாக விழுந்தது.

அடுத்த வீட்டுக்கு நேரமாகியும், கையை விடச் சொல்ல அமிர்தகௌரிக்கு மனம் வரவில்லை.