மெத்தென்று ஒரு ஸ்பிரிங்

“உக்காருங்க சார்,” என்று மெக்கானிக் செந்தில்நாதன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“காட்டுக்குப் போறவனுக்கு நாற்காலி எதுக்குப்பா?” என்றார் ஸ்ரீகண்டன். நாற்காலி அவர் மனைவி அன்னபூர்ணிக்குப் போயிற்று.

தேவராஜ மொஹல்லாவே அண்ணாந்து பார்க்கட்டும் என்று போன மாதம்தான் ஜீப்பை உயர்த்தி, கல்லு மாதிரி காயில் ஸ்பிரிங் போட்டுக்கொண்டவர் அவர். ஞாயிற்றுக்கிழமை சாமராஜநகர்க் காட்டுப் பயணத்தில் முதல் வண்டி தன்னுடையதுதான் என்று ஜீப் கிளப் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

“இதைக் கழட்டிட்டு மெத்துன்னு வேற போடு.”

“வண்டி ஸ்வல்ப எறங்கிருமுங்க சார். அந்த உயரம் இருக்காது.”

“போகட்டும்.”

“ரொம்பக் குலுக்குதுங்களா?”

“எனக்கென்னப்பா குலுக்கல்! மேடு பள்ளத்துல டயர் தரையை விடாம பிடிக்கணும். அதுக்குத்தான்.”

“அப்ப நடுத்தரமா போடட்டுங்களா?”

“இருக்கறதுலயே மெத்துன்னு போடு!”

செந்தில்நாதன் தலையைச் சொறிந்தான். “நீங்களே ஆசைப்பட்டுப் போட்ட ஸ்பிரிங்காச்சே! இப்ப மாத்தறதுக்கு மூல காரணம் என்னங்க சார்?”

ஸ்ரீகண்டன் மறுபடியும் டயரைப் பற்றி ஆரம்பித்தார்.

“காரணத்தை விடுப்பா,” என்றாள் அன்னபூர்ணி. “மூலம் மட்டும்தான்.”